எதிரே வந்தவள்

அர்த்தநாரிக் கவுண்டர் வாசலுக்கு வெளியே எடுத்து வைத்த வலது காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். தோளில் இருந்த கோடரி தொப்பென்று விழுந்தது.

"காலங்காத்தால முண்டச்சி மூஞ்சியா? இந்த ஊடு வெளங்குமா?"

எதிரே குடத்துடன் நின்றவள் பழனாத்தாள், செத்துப்போன அவருடைய தம்பியின் மனைவி. மாடு கன்று போட்ட அவசரத்தில், இந்த நேரத்தில் கொல்லைப்புறத்திலேயே ஒளிந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டாள். கவுண்டர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், இன்றைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்.

வேண்டாம் என்றது ஆற்றங்கரைக் காட்டு வேலையை. நீர்மருதும் நாவலும் புங்கமும் அடர்ந்த அந்தக் காடு ஊருக்கே பொது. மயிலும் நீர்நாயும் குடியிருந்தன. நாவல் பழத்துக்கு வௌவாலும் வரும், பிள்ளைகளும் வருவார்கள். தம் வயலை ஒட்டியிருப்பதால் அது தம்முடையது என்றார் கவுண்டர். இல்லை என்று சொல்ல எருத்தேன்பதியில் யாருக்கும் தைரியமில்லை. கோயமுத்தூர்க் கரி வியாபாரிக்கு அதை விலைபேசிவிட்டார். நல்ல சகுனம் பார்த்துக் கவுண்டர் முதல் வெட்டு வெட்டினால்தான் ஆட்கள் மரத்தைத் தொடுவார்கள்.

பழனாத்தாள் கொல்லையில் வழக்கம்போல் அழுதாள். ஊரில் அவளைக் கண்டு யாரும் முகம் திருப்பாத ஒரே இடம் அந்தக் காடுதான். அங்கிருந்து மயில் அகவியது. தன் முகத்தைப் பார்த்ததால்தான் இன்றைக்கு அந்த மரங்கள் நிற்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை பாதியில் நின்றது. சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கவுண்டர் வாசலுக்கு வந்தார். எதிரே வெறுங்குடத்துடன் பழனாத்தாள். அடுத்த நாள் மாட்டுக்கொட்டகை வழியாக நழுவினார். அங்கே சாணிக்கூடையுடன் பழனாத்தாள். அதற்கடுத்த நாள் அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தார். அந்தப் பக்கம் அவள் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அறையில் போட்டுப் பூட்டலாம்தான். பிறகு யார் பால் கறப்பது, யார் சாணி அள்ளுவது?

பொறுத்துப் பார்த்த கரி வியாபாரி, ஆட்களோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க கவுண்டரே, அந்தப் புள்ள எதுக்கால வந்தா மரத்துல வெட்டு எறங்காதுங்களா? சகுனமாவது மண்ணாவது! ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டு வாங்க."

கவுண்டர் மீசையைத் தடவினார். ஆட்களைப் பார்த்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீடா. சும்மா பேச்சு. வாங்க போலாம்" என்றார்.

கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று தெரிந்தது. கணவனின் அண்ணனிடம் பழனாத்தாள் நேரே பேசக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அவர் மனைவி செல்லாத்தாள் வழியாகத்தான் பேச வேண்டும்.

"அக்கா, நான் எதுக்கால வந்தா ஒண்ணுமில்லீங்களான்னு மாமாகிட்டக் கேளுங்க."

"ஒண்ணுமில்லீங்களான்னு கேக்கறாளுங்க."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு."

"அப்படின்னா ஆவணியில நம்ம புள்ள கல்யாணத்துல மொத நலுங்கு நான் வெக்கறனுங்க அக்கா. அவளத் தூக்கி வளத்தது நாந்தானுங்களே."

இதைச் செல்லாத்தாள் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. தரையைப் பார்த்திருந்த ஆட்களெல்லாம் தலைநிமிர்ந்து கவுண்டரைப் பார்த்தார்கள். கவுண்டர் கோடரியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"அதெப்படி ஆகும்? சகுனம் சகுனந்தான்" என்றார் கடைசியில். "காடு கெடந்துட்டுப் போகுது. நீங்க வேற எடம் பாருங்க."

வியாபாரி தலையிலடித்துக்கொண்டு வண்டியேறினார்.

ஆவணியில் கவுண்டர் மகளின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடாமல் இருட்டோடு போய்விடச் சொல்லியிருந்ததால், பழனாத்தாள் காட்டில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் வௌவால்கள் தொங்கின. ஆற்றோரம் நீர்நாய்க் குட்டிகள் புரண்டன. வீட்டுப் பக்கமிருந்து கெட்டிமேளம் கேட்டதும் வாய்விட்டு அழுதாள். காடு பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குக் கவுண்டர் ஒரே ஒரு தடவை 'சரி' என்றிருந்தால், நலுங்குக்குப் போயிருப்பாளா, காட்டுக்குக் காவல் நின்றிருப்பாளா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மரத்துக்கு விலைபேச இன்னொருவர் வராமலா போவார்? மறுநாள் விடிவதற்குள் தலைமுழுகி, வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே முன்வாசலில் போய் நின்றாள்.