துணி அறையில் ஆள் இருந்தது

காலைத் தேநீரோடு கடிதமும் வந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது. கடிதம்தான் சுடச்சுட இருந்தது.

"நேற்று முற்பகல் 11.40 மணிக்கு, மூன்றாம் மாடி நடைபாதையில், பணி நேரத்தில், இறந்த நோயாளியின் தந்தையோடு தரையில் அமர்ந்து தாங்கள் அழுதது மருத்துவமனையின் கண்ணியத்துக்குக் குந்தகம். இன்று மதியத்துக்குள் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்காவிடில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றப்படுவீர்கள்."

கீழே தலைமை மருத்துவரின் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு.

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். எட்டு வருஷமாக அந்தப் பிரிவில்தான் அவள் காலம் ஓடியது. எந்தக் கட்டிலின் சக்கரம் மக்கர் பண்ணும், எந்த மானிட்டர் பொய் சொல்லும் என்பது வரை அத்துப்படி. சான்றிதழ்ப் பிரிவு என்றால் ஒரு ஜன்னல், ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி, நாள் முழுக்க இறப்புச் சான்றிதழ். உயிரோடு இருக்கிற டாக்டரைப் புதைப்பதற்கென்றே ஒதுக்கிய இடம்.

கடிதத்தைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுத் தலைமை நர்ஸ் கேட்டாள்: "அழறதுக்குன்னே ஒரு ரூம் இருக்கு. நீங்க ஏன் டாக்டரம்மா நடுவழியில கடை விரிச்சீங்க?"

அவள் சொன்னது துணி அறையை. துவைத்த போர்வைகளை அடுக்கி வைக்கிற சின்ன அறை. கட்டிலில் ஒரு குழந்தை போய்விட்டால், பார்த்த டாக்டரோ நர்ஸோ அங்கே போவார்கள். கதவை ஒரு தட்டு தட்ட வேண்டும். உள்ளிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் ஆள் இருக்கிறது. வராவிட்டால் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு அடுத்த கட்டில். யார் போனார், எதற்குப் போனார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி, எந்தச் சுவரிலும் ஒட்டப்படாத இந்த விதிதான்.

"போனேன்க்கா. தட்டினேன். உள்ளேர்ந்து தட்டு வந்துச்சு. சரின்னு நின்னேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணோட அப்பா வந்து, 'அவ செருப்பு வார்டுல இருக்கு, எடுத்துக்கலாமா'ன்னு கேட்டாரு. கேட்டு முடிக்கிறதுக்குள்ள தரையில உக்காந்துட்டாரு. நான் நெட்டுக்குத்தலா நின்னுகிட்டு, எடுத்துக்கோங்கன்னு சொல்லணுமா?"

ஏழு வயசுப் பெண். குடலில் ஓட்டை விழுந்து வந்தவள். வந்த அன்றே அறுவை சிகிச்சை, பதினோராம் நாள் உயிர் போய்விட்டது.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள இருந்தது யாரு தெரியுமா? நம்ம கஞ்சி."

தலைமை மருத்துவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் அது. அவருடைய கோட்டு, ஆள் உள்ளே இல்லாவிட்டாலும் தானாக நிற்கும். அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தவரும் அவரே.

"அவரு வெளிய வந்தப்போ பாத்தேன். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். கஞ்சி கசங்கி நான் பாத்தது நேத்துதான். துருப்புச் சீட்டு உங்க கையில இருக்கு. போய் இறக்குங்க!"

டாக்டரம்மா கடிதத்தை மடித்துக்கொண்டு மாடியேறினாள்.

தலைமை மருத்துவர் நேராகப் பேரத்துக்கு வந்தார். "மூணே மூணு விஷயம் எழுதுங்க. களைப்பா இருந்தேன், வருந்துறேன், இனிமே நடக்காது. விஷயம் முடிஞ்சுது."

"மூணும் பொய் சார்."

"சரி, 'இனிமே நடக்காது' வேண்டாம். மத்த ரெண்டு."

"வருத்தம் அந்தக் குழந்தைக்காக இருக்கு. அழுததுக்காக இல்ல."

"அப்ப அதையும் விடுங்க. களைப்புன்னு ஒரு வார்த்தை. அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"முந்தின நாள் எட்டு மணி நேரம் தூங்கினேன் சார். நல்ல தூக்கம்."

இவ்வளவு இறங்கி வந்தும் படியாத ஆளை அவர் பார்த்ததில்லை. மேசையைத் தட்டினார். "அழற டாக்டர்கிட்ட எவன் புள்ளையக் குடுப்பான்? எல்லாரையும் மாதிரி துணி ரூமுக்குப் போக வேண்டியதுதானே!"

சொன்ன பிறகுதான் தன் வாய் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. அப்படி ஓர் அறை இருப்பதே தலைமைக்குத் தெரியாது என்பதுதான் இத்தனை வருஷத்து ஏற்பாடு.

"போனேன் சார். ஆள் இருந்துச்சு."

டாக்டரம்மா அவருடைய மேசையிலிருந்தே ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அழுதேன். குழந்தை இறந்ததால் அழுதேன். துணி அறையில் ஆள் இருந்ததால் நடைபாதையில் அழுதேன். அழுது முடித்து, பன்னிரண்டு மணிக்கு அடுத்த குழந்தைக்கு மருந்தளவு கணக்கிட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது. இனியும் அழுவேன். இப்பிரிவில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். எங்களுக்கு இருப்பது தாழ் போட்ட ஒரே அறை, அதுவும் போர்வைகளுக்கானது. உட்கார ஒரு நல்ல அறையும், ஒரு சாவுக்குப் பின் பதினைந்து நிமிஷமும் வேண்டும்."

அவர் படித்தார். "ஆஸ்பத்திரிக் கமிட்டி இதப் பாத்தா, உள்ள யார் இருந்தாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்ல மாட்டேன். ஒருத்தர் அழுததைக் காகிதத்துல ஏத்துற வேலைய நான் செய்ய மாட்டேன் சார். அதச் செஞ்சது நீங்க."

அவர் முகத்தில் ஒரு சுற்று ரத்தம் ஏறி இறங்கியது. மாற்றல் உத்தரவை இழுத்து வைத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார். "கையெழுத்துப் போட்டா நாளைக்கே சான்றிதழ்ப் பிரிவு."

"போடுங்க. அந்த ஜன்னலுக்கு வர்றதே புள்ளையப் பறிகொடுத்தவங்கதான். அங்க இன்னும் நல்லா அழலாம்."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவர் நிமிரவில்லை. வேறு யாருடைய குரலிலோ கேட்டார்: "நான் போட்ட தையல்... பிரிஞ்சிருந்துச்சா?"

டாக்டரம்மா முதல் தடவையாக, அவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இல்ல சார். ஸ்கேன்ல நானே பாத்தேன், ரெண்டு தடவை. தையல் நின்னுச்சு. ரத்தத்துல கலந்த தொத்துதான் முந்திக்கிச்சு."

"யாரும் எங்கிட்ட சொல்லல."

"நீங்க யாரையும் கேக்கல சார். நேத்தே கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தேவைக்கு மேலே. பிறகு பழைய மிடுக்கைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, உத்தரவை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"கிழிச்சுப் போட மாட்டேன். இது இங்கதான் இருக்கும்."

"இருக்கட்டும் சார்," என்று டாக்டரம்மா எழுந்தாள். தான் எழுதிய தாளை எடுத்து உத்தரவின் மேல் வைத்து, கிளிப்பும் போட்டு, இழுப்பறையைத் தானே மூடினாள். "ரெண்டும் சேந்தே இருக்கட்டும். அதை வெளிய எடுக்கிற அன்னிக்கு இதையும் எடுத்துத்தான் ஆகணும். ரூம் விஷயமா திங்கக்கிழமை வரேன்."