பாண்டானுக்கு எண்ணெய்க் குளியல்

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நல்லெண்ணெய். தலைவலியா, கண் எரிச்சலா, எல்லாமே அவருக்கு உடம்புச் சூடு. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவது வளர்க்கும் கிளியோடு மட்டும்தான். சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலை மாதிரிப் பச்சையாக இருந்ததால் பாண்டான் என்றே பெயர் வைத்தார். நாள் முழுக்க அது அவர் தோளில்தான் இருக்கும். என்னோடு பேச அவருக்கு ஏது நேரம்?

தீபாவளி நெருங்கும்போது பாண்டானுக்கு இறகு கொட்ட ஆரம்பித்தது. அவர் சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.

"உடம்பு சூடு ரத்தினம், அதான் கொட்டுது," என்றார். முறுக்கு பிழியும் அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை.

தீபாவளியன்று காலையில், தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்கு முன்னால் கிளிக்குத் தேய்த்துவிட்டிருக்கிறார் மனுஷர். நான் விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால், பாண்டான் கூண்டின் தரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி உருவமாகிவிட்டது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு..."

துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தோம். ஜூரோங்கில் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அமீரா, நல்லவேளை, அன்றும் கிளினிக்கில் இருந்தார்.

"இறகு கொட்டி மொளைக்கிறது நார்மல்தான் லா அங்கிள். அந்தத் தூள், புது இறகு மேல இருக்கிற உறை. தண்ணி தெளிச்சுவிட்டா அதுவே கோதிக்கும். எண்ணெ பட்டா இறகுல சூடு நிக்காது. கோதுறப்ப வயித்துக்குள்ளயும் போயிடும்."

"பொழைச்சிடுமா?" என்று கேட்டார் இவர்.

"கழுவிவிட்டு, சூட்டுல வெச்சுப் பார்க்கிறேன். நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

"சூடு தணியணும்னுதானே செஞ்சீங்க? நல்லாத் தணிஞ்சிருச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பாண்டான் பிழைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் கையைக் கண்டாலே கத்தியது. என் தோளுக்கு வந்தது. கிளி தலைமுடியையும் கோதும், அதனால் தலைக்கும் எண்ணெய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாத மனுஷர், பாட்டிலை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். தினமும் காலையில் எட்ட நின்று தண்ணீர் தெளிப்பார், விலகிப் போய்விடுவார். அது வரவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கு என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒருநாள் காலை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பாண்டான் என் தோளை விட்டுப் பறந்தது. அவர் தோளில் போய் உட்கார்ந்து, காய்ந்து நின்ற நரைமுடியை ஒவ்வொன்றாக அலகில் பிடித்துக் கோத ஆரம்பித்தது. அவர் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்வேனா?

"தலை பரட்டையாக் கெடக்கு, பார்க்கச் சகிக்கல," என்றேன்.

"மெதுவாப் பேசு ரத்தினம்," என்றார், உதட்டை அசைக்காமல்.