ஹெட்ஜ் பார்சன் குழுவின் குவளைச் சட்டம்

ஹெட்ஜ் பார்சன் இசைக்குழுவில் யாரும் யாரையும் வெளியே போகச் சொன்னதில்லை. நான் போகிறேன் என்று யாரும் வாய் திறந்து சொன்னதும் இல்லை. அப்படி ஒரு பேச்சைப் பேசுவதைவிட, அவர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டும் பூட்ஸுமாகக் கடலில் இறங்கிப் பிரான்ஸ் வரை நீந்தியே போயிருப்பார்கள்.

அதனால்தான் குவளைச் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் சஸெக்ஸ் மேட்டு நிலத்தில், பீருக்கான ஹாப்ஸ் பூக்களை உலர்த்துவதற்காக எப்போதோ கட்டிய கூம்புக் கூரை வீட்டில் குழு குடியிருந்தது. அதன் சமையலறையில் ஒரு பலகை, பலகையில் வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள். ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு டீக் குவளை. முதல் டிரம்மர் ஒரு நாள் காலை தன் குவளையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். குழுவின் தலைவனும் வயலின்காரனுமான ஹம்ஃப்ரி பெல்லிங் அந்த வெறும் கொக்கியைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் காரியம் முடிந்துவிட்டதே என்று அவன் முகத்தில் வந்த நிம்மதியில் அறையே கதகதப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அதுவே சட்டம். குவளை தொங்கினால் ஆள் குழுவில் இருக்கிறான். தொங்கவில்லை என்றால் போய்விட்டான். கேள்வி கிடையாது.

பேஸ் கிட்டார் வாசித்தவன் ஆல்வின் டப்பன். நெட்டையான, சாதுவான ஆள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். நீலக்கோடு போட்டது அவன் குவளை. கைப்பிடியில், கட்டைவிரல் உட்காரும் இடத்தில், சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அவனுக்கு உலகத்தில் வேறு ஆசைகள் இல்லை. அந்த நாலு தடித்த தந்திகளைத் தொட்டால் கிளம்பும் ஓசை போதும். நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய மிருகம் நல்ல கனவு காண்பதுபோல் இருக்கும் அது. அவன் வாசித்தால் மேட்டில் மேயும் செம்மறிகள் வாசல் வரை வந்து, மெல்லுவதை நிறுத்திவிட்டு நிற்கும். ஒருமுறை உள்ளூர்ப் பாதிரியார் அந்த ஓசையைத் தன் மனசாட்சி என்று நினைத்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஓசைக்கு மேலே நடந்து போவது பாடகி ரோவீனாவின் குரல். நடந்து என்றுதான் சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் வெறுங்காலோடு ஒருத்தி நடப்பதுபோல் இருக்கும். முந்நூறு வருஷத்துப் பழைய நாட்டுப் பாடல்களுக்கு மின்சாரக் கிட்டாரும் டிரம்மும் வைத்து வாசிப்பதுதான் குழுவின் வேலை. அந்தப் பாடல்களில் எந்தப் பெண்ணும் உயிரோடு வீடு திரும்புவதில்லை. ரோவீனா திங்கட்கிழமை ஆற்றில் மூழ்கினாள். செவ்வாய்க்கிழமை அண்ணன் கையால் குத்துப்பட்டாள். புதனன்று அன்னமாக மாறி, காதலன் அம்பிலேயே விழுந்தாள். வார இறுதியில் இரண்டு காட்சி.

"ஒரு வாரமாவது சாகாம இருக்கணும்போல இருக்குடா, ஆல்வின்" என்று ஒருநாள் அவள் டோஸ்டில் மார்மலேட் தடவிக்கொண்டே சொன்னாள். அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த குளிர்காலம் அது. நாடெங்கும் மின்வெட்டு. ஒரு விடியற்காலையில், கூம்புக் கூரையின் உச்சிவழியே மூடுபனி இறங்கிச் சமையலறையை நிரப்பியிருந்த நேரத்தில், ரோவீனா இருட்டில் தடவிக் கொக்கியிலிருந்து குவளையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். எடுத்ததுதான் பக்கத்துக் கொக்கிக் குவளை.

ஆல்வின் எழுந்து வந்து பார்த்தான். தன் கொக்கி காலி. தன்னை வேண்டாம் என்கிறார்கள். அதையும் இவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டான். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே. ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்து அதில் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

அடுத்து ஹம்ஃப்ரி வந்தான். ஆல்வின் கொக்கி காலி, ஆல்வின் கையில் ஜாம் பாட்டில். விலகிவிட்டான்; ஆனாலும் அடுத்த ஆள் கிடைக்கும்வரை உதவிக்கு இருக்கிறான் போலிருக்கிறது, எவ்வளவு பெரிய மனசு என்று அவன் கண் கலங்கியது. இருவரும் நெடுநேரம் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் தீவில் அதைவிடத் துக்கமான உரையாடல் அந்த வருஷம் நடக்கவில்லை.

அன்று பிற்பகல் எரிவாயு மீட்டரைப் பார்க்க நெவில் கோபோல்ட் என்று ஒருவன் வந்தான். மாண்டலின் வாசிப்பேன் என்று பேச்சுவாக்கில் சொன்னான். மாலைக்குள் அவன் கழுத்தில் பேஸ் கிட்டார் மாட்டியிருந்தது. அதை மாட்டிவிட்டது, விரல் வைக்கும் இடமெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது, அவனுக்கென்று புதுக் குவளை வாங்கி வந்து தன் கொக்கியிலேயே தொங்கவிட்டது எல்லாம் ஆல்வின்தான். பிறகு, வேன் ஓட்ட ஆள் இல்லையே என்று யாரோ பெருமூச்சு விட, சாவியையும் ஆல்வினே எடுத்துக்கொண்டான்.

ரோவீனாவைத் தேடினார்களா என்றால், இல்லை. எதற்குத் தேட வேண்டும்? அவள் குவளைதான் தொங்குகிறதே. காற்று வாங்கப் போயிருப்பாள். வந்துவிடுவாள்.

இப்படித்தான் ஹெட்ஜ் பார்சன், பாடகி இருந்தும் பாடாத குழு என்று பேர் எடுத்தது. மேடை நடுவில் அவளுக்கென்று ஒரு மைக் நிற்கும். பாட்டு வாசிப்பார்கள், அவள் பாட வேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் ஓசையைத் தணித்து, அந்த மைக்கைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். முதல் நாள் ஜனங்கள் இருமினார்கள். இரண்டாம் நாள் யாரோ விசும்பினார்கள். அடுத்த கோடையில் அந்த மௌனத்தைக் கேட்பதற்கென்றே ஸ்காட்லாந்திலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதில் இங்கிலாந்தின் ஆத்மாவைக் கண்டார்கள். மௌனத்தை இசைத்தட்டாகவும் போட்டார்கள். அது முந்தைய தட்டுகளைவிட நன்றாக விற்றது. இடையில் ஹம்ஃப்ரியின் வயலின் தனி வாசிப்பு ஒன்று வரும். அது தொடங்கும்போது அறிமுகமான ஒரு ஜோடி, முடிவதற்குள் கல்யாணம் செய்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிட்டதாம்.

ஆல்வின் இதையெல்லாம் வேனின் முன் இருக்கையிலிருந்து கேட்டான். மழை கண்ணாடியில் வழியும். உள்ளே மண்டபத்திலிருந்து இசை, தண்ணீருக்கு அடியில் எரியும் விளக்குபோல் மங்கலாக வரும். அவன் விரல்கள் ஸ்டியரிங் மேல் தன் பங்கைத் தானாக வாசிக்கும். நெவில் எங்கே பிசகுவான் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் அழுத்தும். இரண்டே வார்த்தைக் கேள்வி ஒன்றைத்தான் அவன் வருஷக்கணக்காக நாக்கின் அடியில் வைத்திருந்தான்: ஏன் எடுத்தீர்கள்? கேட்டிருந்தால் அன்றே எல்லாம் தெளிந்திருக்கும். கேட்கத்தான் முடியவில்லை. அதற்குப் பதில் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குவளைகளை இறக்கி, சூடாக டீ ஊற்றி வைத்தான். நெவில் குவளையில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக. பொறாமை இல்லை என்று காட்ட வேண்டாமா?

ரோவீனா விட்ஸ்டபிள் என்ற கரையோர ஊரில் கடலைப் பார்த்த கம்பளி நூல் கடை வைத்திருந்தாள். கிளம்பிய அன்று ரயிலிலேயே, டீ ஊற்றிக் கைப்பிடியைப் பிடித்தவுடன், கட்டைவிரலில் அந்தச் சில்லு உறுத்தியது. ஐயோ, இது ஆல்வின் குவளை. திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் குவளையோடு வாசலில் போய் நின்றால் மறுபடி சாக வந்திருக்கிறேன் என்றல்லவா அர்த்தம்? நாளைக்கு, அடுத்த வாரம், வசந்தம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். அவன் இதற்குள் வேறு குவளை வாங்கியிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் கடை வானொலியில் அந்த மௌனத் தட்டைப் போட்டார்கள். வயலின் ஓய்ந்தது, டிரம் தணிந்தது, யாரும் பாடாத அந்த இடம் வந்தது. பின்னிக்கொண்டிருந்த ரோவீனா தன்னை அறியாமல் பாடினாள். சரியாகப் பொருந்தியது. அடுத்த இடைவெளி வந்தது, அதிலும் பாடினாள். நூல் வாங்க வந்த பெண்கள் கையிலிருந்த உருண்டைகளைத் தவறவிட, அவை தெருவில் உருண்டு கடல்வரை போயின. பாட்டு முடிந்தபின்தான் அவளுக்கு உறைத்தது: எனக்காக இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். என் குவளை அங்கே தொங்குகிறது. அப்படியானால் தொங்காதது யாருடையது? இன்னொன்றும் உறைத்தது. வானொலியில் கேட்ட அந்த அடி ஓசை ஆல்வினுடையது இல்லை. அந்த மிருகம் கனவு காணவில்லை, வயிற்றுவலியில் புரண்டது.

ஆகஸ்டில் குழு தன் வயலில் கோடை விழா நடத்தும். இருக்கும் ஆட்கள், போன ஆட்கள், போனவர்களின் நாய்கள் என்று எல்லோரும் வருவார்கள். அன்று மதியமே கடலிலிருந்து பனிமூட்டம் மேட்டில் ஏறிவிட்டது. கூடாரங்கள் பாதி தெரிந்தன. செம்மறி எது, தாடிக்காரர் எவர் என்று கிட்டப் போனால்தான் தெரியும். ஆல்வின் வேன் பக்கத்தில் பெரிய டீக் கொதிகலனை ஏற்றி வைத்து, காவலுக்கு நின்றிருந்தான். குவளைப் பலகை வேன் கதவில் மாட்டியிருந்தது.

மூட்டத்திலிருந்து ரோவீனா வந்தாள். கையில் ஏதோ, அதற்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டிருந்தாள், பொத்தானோடு. அவன் கையில் கொடுத்தாள். அவன் பொத்தானைக் கழற்றினான். நீலக்கோடு. கட்டைவிரல் தானாகப் போய்ச் சில்லில் உட்கார்ந்தது.

"இருட்டுல மாத்தி எடுத்துட்டேன்டா" என்றாள். "ரயில்லயே தெரிஞ்சிடுச்சு. வர வெக்கமா இருந்துச்சு."

கொதிகலன் முனகியது.

"அப்ப... என்னை யாரும் அனுப்பலையா?"

"உன்னை அனுப்ப இங்க யாருக்குடா வாய் இருக்கு?"

அவன் சிரித்தானா அழுதானா என்று மூட்டத்தில் தெரியவில்லை. குவளையைக் கொக்கியில் மாட்டக் கையைத் தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது. அவன் கொக்கியில் நெவில் குவளை தொங்கியது. அதைக் கழற்றினால் ஒருவனை வெளியே அனுப்பியதாகும். தனக்கு நடந்ததாக இத்தனை நாள் நினைத்ததை, தன் கையாலேயே இன்னொருவனுக்குச் செய்வதா? கையை இறக்கிவிட்டான்.

"பரவாயில்ல ரோவீனா. டீ குடிக்கவாவது ஆச்சு." குவளையைக் கொதிகலன் குழாயடியில் வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களுக்கு ஊற்றும் முன் தனக்கு ஊற்றிக்கொண்டான்.

வேனுக்குப் பின்னாலிருந்து நெவில் வந்தான். பலகையைப் பார்த்தான். தன் குவளை காலியாகத் தொங்குகிறது! நம்ப முடியாமல் அருகில் போய், உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். ஈரம்கூட இல்லை.

"ஆல்வின்" என்றான். "இதை நான் எடுத்துக்கலாமா?"

ஆல்வினுக்குப் புரியவில்லை.

"தினம் காலையில இதை எடுத்துட்டுப் போயிடலாம்னுதான் வர்றேன்யா. நீ அதுக்குள்ள டீ ஊத்தி வெச்சிடற. சர்க்கரை வேற. அவ்வளவு பாசமா குடுக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றது? நான் மீட்டர் பார்க்க வந்தவன்யா. எனக்கு மாண்டலின்தான் வரும்."

கழுத்திலிருந்த பேஸ் கிட்டாரைக் கழற்றி ஆல்வின் தோளில் மாட்டினான். குவளையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மழை வரும்போல இருக்கிறது என்று முறைப்படி சொல்லிவிட்டு, சீட்டியடித்தபடி மூட்டத்துக்குள் நடந்தான். சீட்டி வெகுதூரம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் சுருதி பிசகாமல் வாசித்தது அது ஒன்றுதான்.

ஆல்வின் தன் டீயை நின்றபடியே குடித்து முடித்தான். குவளையைக் கொக்கியில் மாட்டினான்.

ஹம்ஃப்ரி வயலின் வில்லுக்குப் பிசின் தேய்த்தபடி அந்தப் பக்கமாக வந்தான். பலகையைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற இருவரையும் பார்த்தான். தொண்டையைச் செருமினான். அவன் வாயில் ஒரு பெரிய வார்த்தை வந்து நின்றது கண்ணுக்கே தெரிந்தது.

"ஈரமாத்தான் இருக்கு இன்னிக்கு" என்றான். மேடையை நோக்கி நடந்தான்.

மேடையில் ஆல்வின் முதல் தந்தியைத் தொட்டான். வயல் முழுக்கப் புல்லுக்கு அடியில் அந்தப் பெரிய மிருகம் புரண்டு, பெருமூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து கனவைத் தொடர்ந்தது. செம்மறிகள் மெல்லுவதை நிறுத்தின. ஆற்றில் மூழ்கும் பெண்ணின் பாட்டு. அந்த இடம் வந்தது, ஓசை தணிந்தது, வழக்கமான மௌனத்துக்காக ஜனங்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். மௌனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வெறுங்காலோடு நடந்து வந்தது.

கடைசி அடியில் அந்தப் பெண் மூழ்க வேண்டும். முந்நூறு வருஷமாக மூழ்கி வந்திருக்கிறாள். ரோவீனா ஆல்வினைப் பார்த்தாள். அவன் கட்டைவிரல் ஒரு தந்தியில் நின்று, அவள் காலுக்குத் தரை கொடுத்தது. அவள் பாட்டில் அந்தப் பெண் கரையேறினாள், பாவாடையைப் பிழிந்தாள், குடிக்கச் சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

வேன் பக்கத்தில் கவனிக்க ஆளில்லாத கொதிகலன் பொங்கி வழிந்து புல்லெல்லாம் டீயாக ஓடியது. மேடையிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆல்வினிடம் யாரும் சொல்லவில்லை.