கல் ராஜாவின் மடியில் இருநூறு எண்ணும்வரை

நைல் நதிக்கரையில், அபு சிம்பல் கோயிலருகே படகைக் கட்டியிருந்த பத்து நாளும் என் வயிறு எரிந்த எரிச்சலில் பன்னிரண்டு பேருக்கு ரொட்டி சுட்டிருக்கலாம்.

காரணம் துஸூக்கி. எங்கள் படகின் மகா சோம்பேறி. காற்று நின்றுபோய் நாங்கள் கரையில் நடந்து படகை இழுக்கும்போது, அவன் கயிற்றைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா வருவான். அவனைத்தான் எங்கள் படகை வாடகைக்கு எடுத்த பிரெஞ்சுக்காரத் துரை, எங்கள் பேச்சில் கவாஜா, கோயில் வாசலில் மலைபோல் உட்கார்ந்திருக்கும் கல் ராஜாவின் மடியில் தினமும் ஏற்றிப் படம் பிடித்தார். முக்காலிப் பெட்டியின் மூடியைத் திறந்து அவர் இருநூறு எண்ணும்வரை அசையக் கூடாது. துஸூக்கிக்கு அசைவதுதானே கஷ்டம்!

ஒரே ஒரு படத்தில் விழுந்தால் போதும், ஊரில் என் மனைவி பஹிய்யாவிடம் காலமெல்லாம் பீற்றிக்கொள்ளலாம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நீ நெட்டை," என்றார் கவாஜா தம் ஓட்டை அரபியில். "நீ நின்னா சிலை சின்னதாத் தெரியும்."

"கேட்டியாடா அவதல்லா?" என்றான் துஸூக்கி. "உன்னைப் பார்த்து ராஜாவுக்கே பொறாமையாம்!"

கடைசி நாள் அவன் காலில் தேள் கொட்டியது. நான் கொட்டச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

அவ்வளவு உயரம் ஏற வேறு ஆள் துணியாததால் கவாஜா என்னை ஏறச் சொன்னார். "உன்னுது கிழிசல்டா, இதைப் போட்டுக்க," என்று துஸூக்கி தன் புது அங்கியைக் கழற்றிக் கொடுத்தான். எனக்கு அது முழங்காலோடு நின்றது.

மூடி திறந்தது. நூறுவரை நானும் கல்தான். பிறகு கண் கீழே போனது. நிழலில் படுத்திருந்த துஸூக்கிக்கு, எங்களுக்குக் கண்ணில்கூடக் காட்டாத கவாஜாவின் பாதாம் பலகாரத்தைச் சமையல்காரர் ஊட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றா? கழுத்தை நீட்டினேன். இன்னுமா? மறுபடி நீட்டினேன்.

மறுநாள் காகிதத்தில் படம் எழுந்தது. மடி, அங்கி, இரண்டு கால். தலை இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் புகை.

படகே சிரித்தது. கவாஜா அதைக் கிழிக்கப் போனார். துஸூக்கி நொண்டிக்கொண்டே வந்து கேட்டு வாங்கினான்.

"வச்சுக்கடா. என் படமெல்லாம் கடல் தாண்டிப் போகுது. உன்னோடது ஒண்ணாவது ஊருக்கு வரட்டும்."

பஹிய்யா நம்பவில்லை. "எவன் காலையோ கொண்டாந்து காட்டுறீங்க," என்றாள். கடைசியில் துஸூக்கிதான் வந்து சாட்சி சொன்னான். "அண்ணி, இந்த நாரைக்கால் வேற யாருக்கு இருக்கு?"

அவள் ஒத்துக்கொண்டாள். சாட்சிக்கு மீன் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றினாள்.

எனக்கு ஒரு தடவைதான்.