உடைக்காமல், அறுக்காமல்

பிளம்பர் தன் கடைப் பலகையில் எழுதச் சொன்னது, 'தரையை உடைக்காமல், குழாயை அறுக்காமல் அடைப்பு எடுக்கப்படும்' என்று. பலகை எழுதியவர் இடம் போதவில்லை என்று தரையையும் குழாயையும் விட்டுவிட்டார். 'உடைக்காமல், அறுக்காமல் அடைப்பு எடுக்கப்படும்.' கீழே அவர் பெயரும் போன் நம்பரும். பதினோரு வருடமாக அதைத் தெருவில் ஒருவரும் தப்பாகப் படித்ததில்லை. வாசலில் கிடந்த பழைய கழிப்பறைக் கோப்பைகள் மீதியைச் சொல்லிவிடும்.

ஊரில் உள்ள எல்லாத் தொழில்களையும் ஒரே வலைதளத்தில் தொகுத்துத் தரப் பிறவி எடுத்த நிறுவனம் ஒன்று, அந்தப் பலகையைப் போட்டோ பிடித்துக்கொண்டு போனது. கோப்பைகள் போட்டோவில் விழவில்லை. நம்பர் 'இதய சிகிச்சை' என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்தது.

முதல் அழைப்பு ஒரு காலை வேளையில் வந்தது.

"சார், எங்கப்பாவுக்கு மூணு அடைப்பு இருக்காம்."

"மூணா? எந்த மாடி?"

"மாடியா? அவர் கீழ்வீட்லதான் படுத்திருக்கார்."

"கீழ்வீடுன்னா சுலபம். தண்ணி எதுத்துக்கிட்டு வருதா?"

"வேர்வைதான் சார் கொட்டுது!"

விஷயம் புரிந்ததும் பிளம்பர் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். "ஐயோ, நான் டாக்டர் இல்லைங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, உடனே!" என்று கத்தினார். நம்பரையும் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் நாலைந்து அழைப்புகள். அவர் மனைவி முதலில் சிரித்தாள். "ஊர் நெஞ்சையெல்லாம் சுத்தம் பண்றீங்க, நம்ம வீட்டு சிங்க்குல ஒரு வாரமா தண்ணி நிக்குது. டாக்டர் எப்ப ரவுண்ட்ஸ் வருவாரு?"

பிளம்பர் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். பாட்டு கேட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்பதைப் பதினான்கு முறை கேட்டார். கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"பேரை எடுக்கணும்னா உங்க மருத்துவப் பதிவு எண் வேணும் சார்."

"நான் டாக்டரே இல்லம்மா. அதுதானே என் புகாரே!"

"டாக்டர்னு நிரூபிச்சாத்தான் டாக்டர் லிஸ்ட்ல இருந்து எடுக்க முடியும் சார்."

"நான் பிளம்பர்மா!"

"அப்ப டாக்டர் பேரை எடுக்கச் சொல்ல நீங்க யாரு சார்?"

பிளம்பருக்கு வாயடைத்துப் போனது. அந்த அடைப்பை எடுக்க அவரிடமும் கருவி இல்லை.

எட்டு மாதத்தில் எட்டு முறை கூப்பிட்டார். ஒருமுறை, 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் அவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்பதைக் கொட்டை எழுத்தாக்கியிருந்தார்கள்.

இதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருநாள் மதியம் ஒரு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கியிருந்தார். போன் மேலே சட்டைப் பையில். ஏறி வந்து பார்த்தால் ஒரே நம்பரிலிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அடித்தார். எடுத்தவர் நிதானமாகச் சொன்னார்: "இனிமே தேவையில்லைங்க." அவ்வளவுதான்.

பிளம்பர் அன்று சாப்பிடவில்லை. "நம்பரை மாத்திடுங்களேன்" என்றாள் மனைவி.

"மாத்தினா? அந்த லிஸ்ட்ல பழைய நம்பர் அப்படியேதான் கிடக்கும். கூப்பிடுறவனுக்கு யாருமே எடுக்க மாட்டாங்க. இப்பவாவது ஆம்புலன்ஸ் நம்பர் சொல்ல நான் ஒருத்தன் இருக்கேன்."

மறுநாளிலிருந்து போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். முதல் மணியிலேயே எடுத்தார். பிழைத்தவர்களின் உறவினர்கள் நன்றி மறக்காதவர்கள். 'உடனே எடுத்தார். வளவள பேச்சு இல்லை. உயிரைக் காப்பாற்றினார்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். நட்சத்திரம் ஏற ஏறப் பட்டியலில் பெயர் மேலேறியது. பெயர் மேலேற அழைப்புகள் கூடின. கடைசியில் கெட்டி அட்டையில் ஒரு கடிதம் வந்தது: 'ஆண்டின் நம்பிக்கைக்குரிய இதய நிபுணர்' விருது. நிறுவனரே நேரில் வழங்குவார்.

"போகப் போறீங்களா?"

"போனாத்தான் அந்த ஆளைப் பார்க்க முடியும்."

குளிரூட்டிய மண்டபம். மேடையில் நிறுவனர் தொண்டை கனைத்தார். "தகவல்தான் இந்த யுகத்தின் பிராணவாயு. அதைக் கடைக்கோடி மனிதனின் மூக்குவரை கொண்டுசேர்ப்பதே எங்கள் தவம்" என்றார். முன்வரிசை கைதட்டியது. அவரவர் வாங்கவிருந்த விருதுக்காக அவரவர் தட்டினார்கள். "ஆயிரம் இதயங்களைத் திறந்த கைகள் இவை" என்று பிளம்பரின் காய்த்துப்போன கையைத் தூக்கிப் பிடித்தார் நிறுவனர்.

"நான் பிளம்பருங்க" என்றார் பிளம்பர் மைக்கில்.

"என்ன அடக்கம்! தன்னைப் பிளம்பர் என்று சொல்லிக்கொள்கிறார்!" மண்டபம் சிரித்துக் கைதட்டியது.

அப்போது கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. பிளம்பர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"டாக்டர்! என் வீட்டுக்காரர் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டார் டாக்டர்! என்ன பண்ணட்டும்?"

சிரிப்பு அறுந்தது. பிளம்பர் போனை நிறுவனரிடம் நீட்டினார். "உங்க தளத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுறாங்க. பேசுங்க."

"நான்... நான் எப்படி? நான் டாக்டர் இல்லையே!"

"நானும் இல்லைய்யா!"

"டாக்டர், இருக்கீங்களா?" என்றது போன். நிறுவனர் கொதிக்கிற பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

பிளம்பர் போனை வாய்க்குக் கொண்டுபோனார். "அம்மா, பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ் நம்பர் சொல்றேன், இதை வச்சிட்டு உடனே அடிங்க. அவரை நடக்க விடாதீங்க. கதவைத் திறந்து வைங்க." நம்பரை இரண்டு முறை சொன்னார். கால்மணி நேரம் கழித்து அந்த அம்மாள் திரும்ப அழைத்து, வண்டி வந்து ஏற்றிவிட்டார்கள் என்று அழுதாள்.

நிறுவனர் வியர்த்த முகத்தோடு மேடையோரம் மடிக்கணினி வைத்திருந்த பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எடுத்தாச்சு சார்" என்றாள். போனில் பதில் சொன்ன அதே குரல்.

பிளம்பர் கீழே இறங்கி அவள் முன்னால் போய் நின்றார். "ஒரு நிமிஷ வேலை. எட்டு மாசம் ஏம்மா? நான் எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னீங்க சார்." அவள் தலை நிமிரவில்லை. "மேல இருந்து சொல்லலை."

அவருக்கு வந்த கோபத்தில் அந்தக் கணினியைத் தூக்கி அடித்திருப்பார். ஆனால் திரையில் பட்டியல் இன்னும் திறந்திருந்தது. அவர் இருந்த முதலிடத்துக்கு இரண்டாவது ஆள் ஏறியிருந்தார்.

"இதுல மொத்தம் எத்தனை பேர்?"

"நாப்பத்தி மூணு சார்."

"எத்தனை பேர் நிஜ டாக்டர்?"

"தெரியாது சார்."

மேடையில் நிறுவனர் மறுபடி மைக்கைப் பிடித்து, "சிறு தொழில்நுட்பத் தடங்கல்..." என்று ஆரம்பித்தார். பிளம்பர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்பரைப் படிம்மா. ஒவ்வொருத்தருக்கா போடுவோம்."

அவள் படித்தாள். அவர் அழுத்தினார். மறுமுனையில் உற்சாகமான குரல்: "சொல்லுங்க சார், நின்னுபோச்சா? கொண்டாங்க, எவ்வளவு பழசானாலும் ஓட வச்சிடலாம். சுவர்க் கடிகாரமா, கைக் கடிகாரமா?"

"எடும்மா அவரை" என்றார் பிளம்பர். "அடுத்தது."