கல்யாண முருங்கை

பெற்ற பெண்ணிடம் ஒரு சேதியை நிம்மதியாகச் சொல்ல முடியாத வீடு பாரிவாக்கத்திலேயே பரந்தாமன் வீடு ஒன்றுதான். மகள் தாட்சாயிணி பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். எதைச் சொன்னாலும், "யாரு சொன்னா? அவங்க பாத்தாங்களா?" என்பாள். டைப்ரைட்டிங் படி என்று தலைபாடாக அடித்துக்கொண்டார் மனுஷர். கேட்டால்தானே! செத்துப்போன ராஜாக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாங்காட்டில் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். சாயந்திரம் தரகர் செங்கல்வராயன் தாம்பூலத் தட்டோடு வருவார். நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

"புது ஊடு. கட்டி மூணு வருசங்கூட ஆவலயாம். ஒரே புள்ள, நாத்தனார் தொல்லை கெடையாது. எஸ்டேட் கம்பெனில பர்மனென்ட் வேலை. வேற இன்னாமே ஓணும் உனக்கு?"

"அதெல்லாம் தரகர் சொன்னது. நீ இன்னா பாத்த நைனா?"

பரந்தாமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொசைக் தரை பாத்தேன். கலர் டிவி பாத்தேன். வாசல்ல கல்யாண முருங்கை பாத்தேன், தண்டுல கட்ன மஞ்சத்துணி வெளுத்துகினு கீது. அதும் பக்கத்துலதான் செருப்பு உட்டேன். போதுமா? பரீட்சைல எழுதிக்கோ."

தாட்சாயிணி சிரிக்கவில்லை. "அது யாரு கல்யாணத்துல நட்டது நைனா?"

"எவன் கல்யாணத்துல நட்டா உனக்கு இன்..."

வாய் பாதியிலேயே நின்றது. பந்தலில் கட்டிய கல்யாண முருங்கைக் கிளையைப் பிடுங்கி மாப்பிள்ளை வீட்டில் நடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். அவருடைய கல்யாணத்தில் நட்டது இன்றும் கொல்லையில் நிற்கிறது. மாங்காட்டு வீட்டுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அந்த வீட்டில் ஒரே பிள்ளை. எல்லாம் அவர் வாயாலேயே சொன்னதுதான். எரிச்சல் மகளை விட்டுவிட்டு அவர்மேலேயே திரும்பியது. பெண்ணைக் கொடுக்கப் போகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறானே!

"வேற காரணமும் இருக்கலாம். கேக்காம நீயா முடிவு பண்ணாத," என்றாள் அவள். இது வேறு.

சாயந்திரம் செங்கல்வராயன் தட்டைக் கீழே வைத்து, காபியை ஆற்றிக்கொண்டே நல்ல நாள் பார்த்து வந்ததைச் சொன்னார். பரந்தாமன் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஊட்டு வாசல்ல கீற முருங்கை, யாரு கல்யாணத்துல நட்டது?"

செங்கல்வராயன் ஆற்றுவதை நிறுத்தினார். "அவ மூணு மாசத்துலயே அம்மா ஊட்டுக்குப் போய்ட்டாளே அண்ணாத்தே. முடிஞ்சிபோன கதை. அத்த யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல," என்று தட்டை அவர் பக்கமே நகர்த்தினார் பரந்தாமன். "நானே பாத்தேன்."