ஏழாம் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுகலான ஒழுங்கையொன்றில், தனியார் வகுப்பு நடக்கும் மூன்று மாடி ரியூட்டறியின் மேல்தட்டில் எட்டுப் பேர் குனிந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஐம்பது கணித விடைத்தாள். எட்டு மணிக்கு வகுப்புத் தொடங்குமுன் நானூறும் திருத்தி முடித்துவிட வேண்டும். விசிறியைப் போட்டால் தாள் பறக்கும் என்று அதை நிறுத்தி வைப்பது அங்கே சட்டம். வியர்வை மணிக்கட்டால் வழிந்து சிவப்பு மையில் கலந்தது. விரல் நுனிகள் கோழி அறுத்தவன் கை மாதிரி இருந்தன.

ஐறீன் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். வெளியிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்பில் இறுதி ஆண்டுக்குப் போக வேண்டியவள். பட்டம் கையில் வந்தால் பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த தகப்பனுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. மற்ற ஏழு பேருக்கும் இதே படிப்பு, இதே ஆசை.

வாசலில் ஓராள் உயரப் பதாகையில் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பவர் ஆதப்பன் சேர். 'கணிதச் சக்கரவர்த்தி' என்று கீழே எழுதியிருக்கும். சக்கரவர்த்தி ஒரு தாளையாவது திருத்தியதை யாரும் கண்டதில்லை. தை மாதம் திருத்துபவர்களின் கூலியைக் குறைத்தார். மாசியில் காலைத் தேத்தண்ணியை நிறுத்தினார். கேட்டால், "அனுபவம் சும்மா கிடைக்குதே, போதாதா?" என்பார். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவரின் உயர்தரப் பரீட்சை மூலச் சான்றிதழையும் 'பாதுகாப்புக்கு' என்று வாங்கி அலுமாரியில் பூட்டினாரே, அதைத்தான் சகிக்க முடியாது.

நாளை பின்னேரம் நாலு மணியோடு இறுதி ஆண்டுப் பதிவு முடிகிறது. மூலச் சான்றிதழைக் காட்டாவிட்டால் ஐறீனுக்கு ஒரு வருடம் மண்ணாய்ப் போகும். மூன்று கிழமையாய் வாராவாரம் கேட்கிறாள். இன்று, நாளை என்று இழுத்தடித்த மனிதர், ஏழு மணிக்குத் தானாகவே அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

கீழே அவருடைய அறையில், மேசைமேல் அவளுடைய சான்றிதழ் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடிதம்.

"உக்காரும்மா. போன கிழமைப் பேப்பர்ல ஏழாம் கேள்வி. ஒரு டொக்டர் ராத்திரி பேரன்ட்ஸ் குரூப்புல போட்டுட்டாரு. மகளுக்குச் சரியான விடையை வெட்டிட்டாங்களாம். நூறு பேர் அதுக்குக் கீழ எழுதியிருக்காங்க."

ஐறீனுக்கு முகம் சுட்டது. ஏழாம் கேள்வி அவளுக்கு நன்றாகவே தெரியும். x² = 5x என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ஐந்தும் விடை, பூச்சியமும் விடை. ஆதப்பன் தயாரித்த விடைத்திட்டமோ இரண்டு பக்கத்தையும் x ஆல் வகுத்து, பூச்சியத்தைத் தொலைத்துவிட்டு, ஐந்து மட்டும் என்றது. பூச்சியமும் எழுதிய பிள்ளைக்கு இரண்டு புள்ளி வெட்டு.

"சேர், நான் அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னனான். பூச்சியமும் விடை எண்டு."

"சொன்னே. ஆனா அதே விடையோட என் புத்தகம் அச்சாகிப் போச்சே. இருபது வருஷமா இந்தப் பேருக்குத்தான் பிள்ளைங்க வருது. திருத்துற பொண்ணு பிழை விட்டா உலகம் மறந்திடும். நான் விட்டா மறக்குமா?" கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "டொக்டர் மகளோட பேப்பர் மூலையில, உங்ககூடத் திருத்துற ஷபீகாவோட முதலெழுத்து இருக்கு. அவ கவனமில்லாம திருத்தினான்னு நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. இன்னைக்கு கிளாஸ்ல சொல்லி அவளை நிப்பாட்டிடுறேன்."

"அவ உங்கட விடைத்திட்டத்தைப் பாத்துத்தானே வெட்டினவ!"

"அவளுக்கென்ன, மாளிகாவத்தையில நாலு வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துப் பிழைப்பா. பட்டம் வேணும்னு நிக்கிறது நீதானே?" சான்றிதழைத் திரும்ப எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "எட்டு மணிக்குள்ள முடிவு சொல்லு."

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐறீன் படியேறினாள். கையெழுத்துப் போட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் வரத்தான் செய்தது. அதை மறைப்பானேன்? ஒரு வருடம் என்பது தகப்பனின் முதுகில் இன்னும் ஒரு வருடம்.

மேலே போனதும் கடிதத்தை ஷபீகாவின் கையிலேயே கொடுத்தாள். ஷபீகா வாசித்தாள். மடித்துத் திருப்பி நீட்டினாள்.

"நீ சைன் பண்ணு ஐறீன். ஒன்ட ரெஜிஸ்ட்ரேசன் நாளைக்கு. எனக்கு இன்னம் ஒரு வருஷம் இரிக்கி."

"இண்டைக்குக் கெடப்போற பேரோடயா படிக்கப் போறாய்?" என்று ஷபீகாவைக் கேட்டான் உலகப்பன். பாமன்கடையிலிருந்து சைக்கிளில் வருபவன், அளந்து பேசுபவன். அன்று அளவு தப்பியது. "ஏழாம் கேள்வியில நான் முப்பத்தெட்டுப் பேருக்கு வெட்டினனான். நீங்க எல்லாம்?"

மூலையிலிருந்து ஒருத்தி, "இருபத்தொன்பது," என்றாள். "முப்பத்திமூண்டு," என்றான் இன்னொருவன். சுற்றி வந்து ஐறீனிடம் நின்றது.

"நாப்பத்தொண்டு," என்றாள். "பிழையெண்டு தெரிஞ்சுகொண்டே வெட்டினனான்."

சொன்ன பிறகுதான் வெட்கம் முழுசாகப் பிடித்தது. ரீச்சராகப் போகிறவள், சரியென்று தெரிந்த விடையை நாற்பத்தொரு தரம் வெட்டியிருக்கிறாள். சான்றிதழை நினைத்துப் பயந்த கை அது. அந்தப் பயத்தில்தான் ஆதப்பனின் மூன்று மாடியும் நிற்கிறது.

"பேனையை வைப்பம்," என்றாள்.

எட்டுச் சிவப்புப் பேனைகளும் மேசையில் விழுந்தன. பாதித் தாள்கள் திருத்தாமலே கிடந்தன.

எட்டு மணி. மண்டபத்தில் நானூறு பிள்ளைகள், பின்வரிசையில் பெற்றோர். ஆதப்பன் மைக்கைப் பிடித்தார். "போன கிழமை ஒரு சின்னத் தவறு நடந்திடுச்சு. திருத்தின பிள்ளை ஒருத்தியோட கவனக்குறைவு…"

பக்கக் கதவால் எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். ஐறீன் நேரே மேடையேறி வெண்பலகைக்குப் போனாள். x² = 5x என்று எழுதினாள். கீழே x(x − 5) = 0.

"ஏய், யாரைக் கேட்டு ஏறினே? இறங்கு!"

"x என்ன எண்டு தெரியாம x ஆல வகுக்கேலாது," என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. மைக் இல்லாமலே கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "அது பூச்சியமாவும் இருக்கலாம். பூச்சியத்தால வகுக்கக் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியும். இந்தக் கணக்குக்கு ரெண்டு விடை. பூச்சியத்தையும் எழுதின ஆக்கள்தான் சரி. விடைத்திட்டம் பிழை. அதைப் பாத்து நாங்க எட்டுப் பேரும் வெட்டினனாங்கள். ஷபீகா மட்டுமில்ல."

மண்டபம் இரைந்தது. பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, "அப்ப சேரிண்ட புத்தகமும் பிழையோ?" என்று கேட்டார்.

ஆதப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. "வெளியே போ! எல்லாரும் போங்க! சேட்டிபிக்கட் வேணாமா உனக்கு?"

"வேணும் சேர். எட்டுப் பேரிண்டதும் வேணும். அது எங்கட."

அலுமாரி திறக்கவில்லை. வாசல் கதவுதான் திறந்தது. எட்டுப் பேரும் படிக்கட்டில் வந்து நின்றார்கள். கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று தடதடத்துப் போனது. நாளைக் காலை எட்டு மணிக்கு எல்லோருமாக லேபர் ஒபிசுக்குப் போய் முறையிடுவதென்று அந்தப் படியிலேயே முடிவானது. நாலு மணிக்குள் சான்றிதழ் வருமா என்று யாருக்கும் தெரியாது. ஷபீகா அழவில்லை. ஐறீனின் கையைப் பிடித்த பிடியை விடவுமில்லை.

அப்போது உள்ளேயிருந்து இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளையொன்று போன கிழமைத் தாளோடு வந்தது. பின்னால் இன்னும் பத்துப் பேர், அதற்குப் பின்னால் இன்னும். "மிஸ், எனக்கும் ஏழாம் கேள்வி வெட்டுப்பட்டிருக்கு."

நேற்றுவரை அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் வெறும் அக்காமார், அண்ணாமார்; 'மிஸ்' என்று கூப்பிட்டது இன்றுதான். ஐறீன் தாளை வாங்கினாள். மூலையில் சின்னதாய் 'ஐ' என்று இருந்தது. அவள் போட்ட வெட்டுத்தான்.

உலகப்பன் சட்டைப் பையில் கிடந்த நீலப் பேனையை நீட்டினான். வெட்டின்மேல் கோடு கிழித்து, சரி போட்டு, எழுபத்தொன்றை எழுபத்துமூன்றாக்கி, கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். அதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்துவிட்டார்கள். தாளோடு நின்றவர்களின் வரிசை ஒழுங்கை வரைக்கும் நீண்டது. உள்ளே ஆதப்பன் மைக்கில் கத்துவது கேட்டது.

"அடுத்த ஆள் வாங்க," என்றாள் ஐறீன்.